கனிஷாயின் பன்னிரண்டு வாக்கிடாக்கிகள்

ஒரு விஷயத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறவருக்கு, அது தேவைப்படுகிற ஒரே நிமிடத்தில் மட்டும் தெரியாமல் போக முடியுமா? முடியும் என்றால், அதற்கு முந்தைய இருபத்தாறு வருடங்களும் அவரிடம் இருந்தது அறிவுதானா, இல்லை, பழக்கம் அறிவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றதா? கனிஷாய் எசென்குலோவாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்பது போல இருந்தது. அவள் ஒரு நாளும் இப்படிக் கேட்டவள் இல்லை. அவள் கருவிகளைத் திறந்து பார்த்து மூடுகிறவள். கேள்வி நமக்கு.

சூக்-ஆஷு கணவாய்க்குக் கீழே, தொண்ணூற்று நான்காவது கிலோமீட்டரில் சாலைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. அதற்கு ஊர்ப்பெயர் கிடையாது. எங்கே வேலை என்று கேட்டால் 'தொண்ணூத்தி நாலுல' என்பார்கள். எட்டு வீடு, ஒரு பட்டறை, பனி ஒதுக்கும் டோசர்கள் நிற்கும் கொட்டகை, சாலைக்குக் குறுக்கே கம்பித் தடுப்பு, அதன் பக்கத்தில் வானொலி அறை. அக்டோபர் கடைசியில் விழும் பனி மே மாதம்தான் போகும். அந்த ஏழு மாதமும் கணவாய்ச் சாலையைத் திறந்து வைத்திருப்பதுதான் அங்கே இருக்கிற இருபது பேருக்கும் பிழைப்பு.

கனிஷாய் தொலைத்தொடர்புப் படிப்பு முடித்துவிட்டு அந்த நிலையத்து டிரைவர் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வானொலி அறை இருபத்தாறு வருடமாக அவள் பொறுப்பு. கணவன் வயிற்று நோயில் போய் ஒன்பது வருடமாகிறது. பிள்ளைகள் தலைநகரில். அவளுக்கென்று அங்கே மிச்சமிருந்தது கணவனின் தம்பி இமான்காசிதான். அவள் மருமகளாக வந்த நாளில் அவனுக்குப் பதினோரு வயது. கணவன் வீட்டு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மருமகளுக்கு வழக்கமில்லை. கொழுந்தனுக்கு அவளாக ஒரு பெயர் வைத்தாக வேண்டும். பையன் அன்றைக்கு மாவுமூட்டை மேல் விழுந்து எழுந்து வந்திருந்தான். 'வெள்ளைப் பையன்' என்று வைத்தாள். நாற்பத்தொரு வயதில், பனிவெயிலில் முகம் பழைய சேணம்போலக் கறுத்துப் போய், நிலையத்திலேயே பெரிய டோசரை ஓட்டுகிற ஆளை அவள் வானொலியில் வெள்ளைப் பையா என்று கூப்பிடும்போது, மற்ற டிரைவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அவன் மட்டும் அடக்கமாட்டான்.

"எஜே, என்னை வெள்ளையா பார்த்த ஆள் நீங்க ஒருத்தர்தான். மத்தவங்ககிட்ட நான் வெள்ளைதான்னு சாதிச்சிட்டு இருக்கேன்," என்பான். எஜே என்றால் அக்கா. அவனுக்கு அண்ணி, ஆனாலும் எஜேதான். நிலையத்தில் எல்லோருக்கும் அவள் எஜே.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டு உதவியில் சாலையை அகலப்படுத்தினார்கள். போகும்போது பன்னிரண்டு வாக்கிடாக்கிகளையும், மலைமேல் நிற்கிற ஒரு மறு ஒலிபரப்புக் கோபுரத்தையும், கனிஷாயின் மேஜைக்கு ஒரு பெரிய கருவியையும் விட்டுவிட்டுப் போனார்கள். தொழில்முறைக் கருவிகள். அவற்றில் ஒன்றின் விலையைக் கேட்டபோது நிலையத் தலைவன் ஷெய்ஷென் தொப்பியைக் கழற்றிவிட்டான். ஒரு நல்ல பெண்குதிரையின் விலை.

அந்தக் கருவிகளுக்கு ஒரு குணம் இருந்தது. பேட்டரி தீரப் போகிறது என்றால், தீருவதற்கு அரைமணி நேரம் முன்னாலேயே பசித்த கோழிக்குஞ்சு மாதிரி கத்தும். கோபுரத்தின் வீச்சைவிட்டு வெளியே போனால் உறுமும். எல்லாவற்றுக்கும் மேலாக, கனிஷாய் ஒரு டிரைவரைக் கூப்பிட்டு, அவனுடைய கருவிக்கு அந்தக் குரல் போய்ச் சேரவில்லை என்றால், இரண்டு நொடியில் அவள் மேஜையில் மூன்று பீப் கேட்கும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தாழ்ந்து. பீப் கேட்கவில்லை என்றால், குரல் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதை வைத்து அவள் ஒரு நடைமுறையை உண்டாக்கினாள். டோசர் ஓட்டுகிறவனுக்கு இரண்டு கையும் நெம்புகோல்களில் இருக்கும். பதில் சொல்லக் கையை எடுத்தால் பனிக்கத்தி பக்கச்சுவரில் முட்டும். அதனால் பதில் சொல்ல வேண்டாம் என்றாள். நான் சொன்னதைச் செய், போதும். மூன்று பீப் வரவில்லை என்றால் உனக்குக் கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். அலைவரிசை டீக்கடை இல்லை. டிரைவர்களுக்கு இது பிடித்திருந்தது. பன்னிரண்டு குளிர்காலம் அப்படி ஓடியது. யாரும் ஒன்றும் பேசாமல் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்த மலையில் அர்த்தம் ஆயிற்று. இப்படி ஒரு அர்த்தம் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

அவளுடைய திறமையைப் பெரிதாகப் புகழ நான் வரவில்லை. கேட்டிராத ஒன்றை அவள் கண்டுபிடிக்கவில்லை. கருவிகளைச் சுத்தமாக வைத்திருந்தாள், ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றுக்குப் பொருத்தினாள், அவ்வளவுதான். பத்தாவது வருடத்தில் தயாரித்த கம்பெனி அந்த மாடலை நிறுத்தியது. பன்னிரண்டாவது வருடத்தில் மூன்று கருவிகள்தான் உயிரோடு இருந்தன.

புதிதாக வாங்கியாக வேண்டும். அரசாங்கத்தில் டெண்டர் விட்டால் குறைந்த விலை கேட்டவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம். என்ன மாதிரிப் பொருள் வேண்டும் என்ற விவரத்தை எழுதும் வேலை கனிஷாய்க்கு வந்தது. நான்கு பக்கம் எழுதினாள். மாவட்டத் தலைநகரிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள்.

டெண்டர் கமிட்டித் தலைவர் மரியாதையான மனிதர். டீ வரவழைத்தார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வாக்கிடாக்கியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். சந்தையில் கண்டெய்னர் கடைகளில் குவித்து வைத்து விற்கிற ரகம்.

"இது ரெண்டாயிரத்து அறுநூறு சோம். நீங்க எழுதினது அறுபத்தி ரெண்டாயிரம். இதுவும் பேசுது."

"பேசும், பாய்கே," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் கனிஷாய். "பேசாதப்போ, ஏன் பேசலைன்னு சொல்லாது."

அதற்குப் பிறகு அவள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள். வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். விலை எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். உள்ளே உலோகச் சட்டம் வைத்து அதைச் சுற்றி உடலை வார்க்கிறார்கள். சிமெண்ட் தரையில் நூற்றுக்கணக்கான தடவை போட்டுப் பார்க்கிறார்கள். தூசியில், உப்புப் புகையில், முப்பது டிகிரி உறைகுளிரில் வைத்துப் பார்க்கிறார்கள். தவறினால் அச்சை உடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். பேட்டரி செல்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். கையுறை போட்ட விரலுக்குச் சிக்குகிற மாதிரி குமிழ் வைக்கிறார்கள். பக்கத்தில் நாற்பது லாரிக்காரர்கள் கத்திக்கொண்டிருக்கும்போது, தூரத்தில் ஒருவன் முனகுவதை மட்டும் பிரித்துக் கேட்கிற காது அதற்குள் இருக்கிறது. அந்தக் காதுக்குத்தான் பாதி விலை. டீசல் எஞ்சினுக்கு மேல் கேட்கிற தொண்டை இருக்கிறது. கைபேசியைக் கோடிக்கணக்கில் செய்கிறார்கள், அதனால் அதை யோசித்துச் செய்த செலவு கோடிப் பேர் தலையில் பிரிந்து விழுகிறது. இதை வாங்குகிறவர்கள் தீயணைப்புக்காரர்கள், சுரங்கக்காரர்கள், நம்மைப்போல சிலர். யோசித்த செலவு முழுவதும் அந்தச் சிலர் தலையில்தான். பத்து வருடத்துக்கு உதிரிப்பாகம் தருவேன் என்று சொன்னவன் அதைச் செய்து கிடங்கில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கும் விலை.

அவள் நேர்மையானவள். அதனால் இன்னொன்றையும் சொன்னாள். இந்த விலையில் ஒரு பங்கு வெறும் பேராசை. ஒருமுறை அவர்களிடம் வாங்கிவிட்டால் பேட்டரி, கேபிள், கணினி நிரல் எல்லாவற்றையும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். வேறு வழியில்லை என்று தெரிந்து வைக்கிற விலை அது.

கமிட்டித் தலைவர் அதுவரை பேனாவைத் தொடவில்லை. இந்த இடத்தில் எடுத்து எழுதிக்கொண்டார். பத்து நாள் கழித்து வந்த கடிதத்தில் அவள் சொன்னவற்றில் இருந்தது அது ஒன்றுதான். 'விலையில் நியாயமற்ற பகுதி உண்டு என்பதை நிலையத்தின் நிபுணரே ஒப்புக்கொள்கிறார். மேலும், விவரக் குறிப்பு ஒரே நிறுவனத்துக்குப் பொருந்துமாறு எழுதப்பட்டுள்ளது.'

அக்டோபரில் சந்தை ரகக் கருவிகள் நாற்பது வந்தன. மிச்சப்பட்ட பணத்தில் அலுவலகத்துக்குக் கூரை போடப்போவதாகச் சொன்னார்கள். புது ரகம் பழைய கோபுரத்தோடு பேசாது என்பதால், அவள் மேஜையில் இருந்த பெரிய கருவியைக் கழற்றிவிட்டு அதே ரகத்தில் ஒன்றை வைக்க வேண்டி வந்தது. பழைய மைக்கின் கம்பியை மட்டும் அதோடு பற்றவைத்துக்கொண்டாள். மாட்டுகிற கொக்கியும் அதே இடத்தில் இருந்தது.

ஏற்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவள் சோதித்துப் பார்த்தாள். குளிர்காலத்துக்கென்று அறுத்த குதிரை இறைச்சியைத் தொங்கவிட்டிருந்த கொட்டகையில், தொடைக்கறிக்குப் பக்கத்திலேயே பன்னிரண்டு கருவிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். காலையில் இருபத்து நான்கு டிகிரி உறைகுளிர். பன்னிரண்டில் பதினொன்று எழுந்திருக்கவில்லை. சமையலறையில் வைத்தாள். சூடு ஏறியதும் ஒவ்வொன்றாக எழுந்தன, ஒன்றுமே நடக்காதது போல.

ஷெய்ஷெனிடம் போய்ச் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. பனி ஏற்கெனவே விழ ஆரம்பித்துவிட்டது, மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு எட்டு டிரைவர்களை மேலே அனுப்ப முடியாது என்பதுதான் அவன் கணக்கு.

"குறையை எழுதிக் கையெழுத்துப் போட்டா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க, எஜே. அடுத்த டெண்டர் வசந்தத்துலதான். எழுதாம போட்டா இதாவது இருக்கும். ஒன்னு இது, இல்லேன்னா வெறுங்கை. நீங்களே சொல்லுங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள். இதில் அவளைக் குற்றம் சொல்வது சுலபம். எனக்கு அந்தச் சுலபம் பிடிபடவில்லை. ஒன்றுமில்லாததைவிட ஏதோ ஒன்று மேல் என்று சொல்லி எத்தனை பேர் எத்தனை பத்திரங்களில் கையெழுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கிறது.

போட்ட கையோடு பழைய நடைமுறையை ரத்து செய்தாள். இனிமேல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் கூப்பிடுவேன், ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். கருவியைக் கோட்டுக்குள்ளே, அக்குளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வரவில்லை என்றால் மூன்றுமுறை கூப்பிடுவேன். அப்போதும் வரவில்லை என்றால் ஆள் அனுப்புவேன். தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

"அஞ்சு வேளைத் தொழுகையே ஒழுங்கா கிடையாது," என்றான் இமான்காசி, தாளைப் படித்துவிட்டு. "எஜே நமக்கு ஒரு நாளைக்கு அறுபது வேளை வெச்சிருக்காங்க. நேரா சொர்க்கந்தான்."

அக்குளில் வைத்தால் அந்த ஆன்டெனா தாடையில் குத்துகிறது என்றும், தன் பெண்டாட்டி இதைப் பார்த்தால் வேறு ஏதாவது நினைப்பாள் என்றும் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கனிஷாயும் சிரித்தாள்.

நவம்பர் முழுவதும் நடந்தது. டிசம்பரில் பதில்கள் தேய்ந்தன. முதலில் 'சரி எஜே' என்றவர்கள் பிறகு 'ம்' என்றார்கள். பிறகு பொத்தானை மட்டும் ஒருமுறை அழுத்திவிட்டார்கள், ஒரு கிளிக் கேட்கும். பிறகு அதுவும் சில நேரம் வராது. ஜனவரியில் காற்றில்லாத நாட்களில் அவளே கூப்பிடாமல் விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத நாட்களைப் போல ஆளை ஏமாற்றுகிறது வேறு எதுவும் இல்லை. பன்னிரண்டு வருடத்து மௌனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தது.

பிப்ரவரியில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் வெயில் அடித்தது. சாலை மூடியிருந்ததால் தடுப்புக்கு வெளியே எழுபது எண்பது லாரிகள். பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்துக் குடிசையில், சரிவைக் கண்காணிக்கிற ஜுமாதில் தொலைநோக்கியோடு இருந்தான். இமான்காசி டோசரோடு 'தொட்டில்' என்று டிரைவர்கள் சொல்லும் பள்ளமான வளைவில் பனியை ஒதுக்கிக்கொண்டிருந்தான். மேலேயிருந்து வருகிற பனியெல்லாம் வந்து படுக்கிற இடம் அது.

பத்து மணி சுமாருக்கு ஜுமாதில் கூப்பிட்டான். தொட்டிலுக்கு நேர் மேலே விளிம்பில் ஒரு விரிசல் தெரிகிறது, நீளமாகிக்கொண்டு வருகிறது என்றான். அந்தக் கருவிகளில் அவன் குரல் அவ்வளவு தூரம் போய் இமான்காசியை எட்டாது. நடுவில் இருக்கிற நிலையம்தான் சொல்ல வேண்டும்.

கனிஷாய் மைக்கை எடுத்தாள். குரல் நடுங்கவில்லை. இப்படி எத்தனையோ காலைகளில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"வெள்ளைப் பையா, மேல விரிசல். அப்படியே பின்னால எடுத்துட்டு தொட்டிலை விட்டு வெளிய வா."

பொத்தானை விட்டாள். இரண்டு நொடி. மூன்று பீப் வரவில்லை. மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, லாரிக்காரர்கள் யாரும் பொறுமை இழந்து உள்ளே வந்துவிடக்கூடாதே என்று தடுப்பைப் பூட்டப் போனாள்.

பூட்டில் பனி உறைந்திருந்தது. ஒரு லாரிக்காரன் எப்போது திறப்பார்கள் என்று கேட்டான். அவள் பதில் சொன்னாள். தீக்குச்சி வாங்கிப் பூட்டைச் சூடாக்கி, சாவியைத் திருப்பி, கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கருவியில் பீப்பே கிடையாது.

ஓடினாள். அறைக்குப் போய் மைக்கை எடுத்து, பெயர் சொல்லக் கூடாத வழக்கத்தையும் மறந்து இமான்காசி, இமான்காசி என்று கூப்பிட்டாள். ஜன்னல் கண்ணாடிகள் ஒருமுறை அதிர்ந்து அடங்கின. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. வெயிலில் பொடிப்பனி மிதந்து வந்தது. பிறகு கருவியில் ஜுமாதிலின் குரல்.

"எஜே, அவன் நகரவே இல்லையே. ஏன் நகரல? நீங்க சொல்லலையா?"

நிலையத்து ஆட்களும் லாரிக்காரர்களும் சரிந்து கிடந்த பனியை நீளக் கம்பிகளால் குத்திப் பார்த்துக்கொண்டே தோண்டினார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. டோசரின் கூண்டுக்குள் இருந்தான், கைகள் நெம்புகோல்களில். வாக்கிடாக்கி கோட்டுக்குள் இல்லை. கண்ணாடிக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டியிருந்தது. பேச்சு மூச்சு இல்லை அதற்கும். யாரோ அதையும் அவன் தொப்பியையும் பிளாஸ்கையும் கொண்டுவந்து வானொலி அறையில் அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் வைத்தார்கள். அறையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அரைமணி நேரம் போயிருக்கும். பலகையிலிருந்து இரைச்சல் கேட்டது. சூடேறிய கருவி தானாக எழுந்து, யாராவது பேசுவார்களா என்று காத்திருந்தது. ஷெய்ஷென் அதை அணைத்தான்.

சாவுக்குக் கூடாரம் போட்டார்கள். பெண்கள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். அண்ணி என்ற முறையில் அவளும் வைக்க வேண்டும். கனிஷாய் 'வெள்ளைப் பையா' என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். மறுபடி 'வெள்ளைப் பையா' என்றாள். மறுபடி நிறுத்தினாள். துக்கத்தில் தொண்டை அடைக்கிறது என்று மற்ற பெண்கள் நினைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் இரண்டு நொடி காத்திருந்தாள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் ஷெய்ஷென் அவளைத் தனியாகப் பார்த்தான்.

"சுவத்துல என்ன ஒட்டியிருக்கோ அதைச் சொல்லுங்க, எஜே. மூணு தடவை கூப்பிட்டேன்னு. போனவன் வரப்போறதில்ல. உங்களுக்கு ரிட்டயராக இன்னும் நாலு வருஷம் இருக்கு."

விசாரணையில் அவள் ஒருமுறைதான் கூப்பிட்டேன் என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை என்றாள். குளிரில் இந்தக் கருவிகள் சாகும், எனக்குத் தெரியும், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்றும் சொன்னாள். அவர்கள் கொக்கியிலிருந்து எடுத்த கருவியை வெதுவெதுப்பான அறையில் முடுக்கிப் பார்த்தார்கள். வேலை செய்தது. தட்டச்சாகி வந்த அறிக்கையில், தகவல் தொடர்புக் கருவி நல்ல நிலையில் இருந்தது என்றும், விதிப்படி மூன்றுமுறை எச்சரிக்கப்பட்டும் டிரைவர் செவிசாய்க்கவில்லை என்றும் இருந்தது. அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். சாட்சியின் கையெழுத்து அவசியமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்றுமுறை கூப்பிட்டும் வராதவன் என்ன செய்துகொண்டிருந்திருப்பான்? காலையிலேயே குடித்திருப்பான் என்று கீழே ஊரில் பேச்சு கிளம்பியது. இமான்காசி வருடத்துக்கு இரண்டு தடவை குடிக்கிறவன். கனிஷாய் அவன் மனைவி பூபுஜானைப் பார்க்கப் போனாள். டீயைத் தொடாமல் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

பூபுஜான் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகத்தானே இப்படிச் சொல்றீங்க, எஜே? ஊர் வாயை அடைக்க உங்க தலையில போட்டுக்கறீங்க. கவர்மெண்ட் பேப்பர் அப்படியா பொய் சொல்லும்?"

"பூபுஜான், நான் மைக்கை மாட்டிட்டுப் போயிட்டேன்."

"நீங்க நல்லவங்க," என்றாள் பூபுஜான், அழுதுகொண்டே. "ஆனா அந்த மனுஷன் ஏன் வரல? நீங்க கூப்பிட்டா எப்பவும் வருவாரே."

அதற்கு மேல் கனிஷாய் யாரிடமும் சொல்ல முயலவில்லை. குற்றத்தை ஒளிக்கிறவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கையில் ஏந்திக்கொண்டு வீடுவீடாகப் போயும் அதை வாங்கிக்கொள்ள ஆளில்லாதவரைப் பற்றி நான் படித்ததில்லை. அவள் வேலைக்கு வந்தாள், போனாள். சுவரில் இருந்த தாள் அப்படியே இருந்தது. ஷெய்ஷென் அந்தப் பக்கம் திரும்பாமல் பேசப் பழகிக்கொண்டான்.

அந்த வருடம் செப்டம்பரில் அவசரகால நிதி என்று ஒன்று வந்தது. இந்தத் தடவை விவரக் குறிப்பை யாரும் கேள்வி கேட்கவில்லை. பழைய நான்கு பக்கத்தையே தேதி மாற்றி வைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு தொழில்முறைக் கருவிகள், ஒன்று எழுபத்தோராயிரம் சோம்; மேஜைக்குப் பெரியதாக இன்னொன்று. டீ வரவழைத்த அதே கமிட்டித் தலைவர் நேரில் வந்து பெட்டிகளைக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். அவர் கனிஷாயின் கையைப் பிடித்து, நீங்கள் அன்றைக்குச் சொன்னது முழுவதும் சரி என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அவள் தலையை அசைத்தாள்.

கருவிகளை முறைப்படுத்த அவளுக்கு நான்கு நாள் பிடித்தது. கேபிளில் ஒவ்வொன்றாக மாட்டி, பெயர், எண், அலைவரிசை எல்லாம் ஏற்ற வேண்டும். அந்த மலையில் அதைச் செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். டிரைவர்கள் பழைய நாட்கள் திரும்பி வந்துவிட்ட மாதிரி கருவிகளைக் கையில் வாங்கி எடை பார்த்தார்கள். இனிமேல் 'ம்' கொட்ட வேண்டியதில்லை என்று ஒருவன் சொன்னான்.

முதல் பனி விழுந்த அன்று ஷெய்ஷென் மேஜைக் கருவியில் ஒரு டிரைவரைக் கூப்பிட்டான். கொட்டகையில் அந்த ஆளின் வாக்கிடாக்கி அணைந்து கிடந்தது. குரல் போய்ச் சேரவில்லை. மேஜைக் கருவி சும்மா இருந்தது. கெட்டுப்போய்விட்டதோ என்று அவன் பயந்துபோய் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தான். அவர்கள் தூரத்திலிருந்தே கணினியில் பார்த்துவிட்டு, கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை, அந்த எச்சரிக்கைச் சத்தத்தை உங்கள் ஆட்கள்தான் அணைத்து வைத்திருக்கிறார்கள், மற்ற பன்னிரண்டிலும் அப்படித்தான் இருக்கிறது, பேட்டரி தீரும் சத்தமும் கிடையாது, வீச்சு போகும் சத்தமும் கிடையாது என்றார்கள்.

அவன் வானொலி அறைக்கு வந்தான். இவ்வளவு விலை கொடுத்ததே அதற்குத்தானே என்று கேட்டான். அவள் ஆமாம் என்றாள். பின்னே ஏன் என்றான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மேலே இருந்த மூன்று டிரைவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒவ்வொருவரும் வாய் திறந்து பதில் சொல்லும்வரை பொத்தானை விட்டு விட்டு அழுத்தினாள்.

ஓய்வு பெறும்வரை நான்கு குளிர்காலம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்படித்தான் கூப்பிட்டாள். அந்தக் காலத்தில் அந்த வளைவில் யாரும் சாகவில்லை. அது அவளாலா, பனி குறைவாக விழுந்ததாலா என்று சொல்லத் தெரியவில்லை. போகிற நாளில் சாவியையும் கேபிளையும் ஷெய்ஷெனிடம் கொடுத்தாள். சத்தங்களைத் திரும்ப வைக்கட்டுமா என்று அவன் கேட்டதற்கு, உன் இஷ்டம் என்றாள். ஏன் அணைத்தாள் என்பதை அவனிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை.